வஜ்ரமுகனா, நாமமில்லா நாயகனா?

பாளையங்கோட்டை,
14-8-1995

அன்புள்ள அத்தானுக்கு,

ரீபா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தை எழுதும்போது சாப்பாட்டைப் பற்றியும் எழுதுங்கள். 'நலம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் உங்கள் அம்மா நம்பமாட்டேன் என்கிறார்கள்.

கல்யாணமாகி மூன்று மாதம். உங்கள் லீவு தீருகிறவரைக்கும்தான் சேர்ந்து இருந்தோம். அந்தக் கொஞ்ச நாளில் உங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இரண்டே விஷயம். ஒன்று, பாபநாசத்துக்கு எல்லோரும் குளிக்கப் போனபோது நீங்கள் மட்டும் ஜலதோஷம் என்று சொல்லிப் படித்துறையில் உட்கார்ந்து எங்கள் துணிமணிக்குக் காவல் இருந்தீர்கள். என் தம்பி இன்னும் விடவில்லை. "எக்கா, அத்தான் கொண்டு வந்த துண்டு காஞ்சமேனிக்கே வீட்டுக்குப் போச்சே, பாத்தியா?" என்று சிரிக்கிறான்.

இரண்டாவது, நீங்களும் சின்ன வயதில் காமிக்ஸ் பைத்தியம் என்பது. அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சம்மதம் சொல்லும்போதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஆனால் என் நாமமில்லா நாயகனைப் பற்றிச் சொன்ன மறுநிமிஷம், "தண்ணியக் கண்டா நடுங்குதவன் எல்லாம் ஒரு வீரனா?" என்று சிரித்தீர்கள் பாருங்கள். ரயிலேற்றிவிட வந்த அன்றும் அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. அழுததும் நிஜம், கோபமும் நிஜம்.

இப்போது அவசரமாக எழுதுவது இதற்காக. ஜங்ஷனில் காஜா முகைதீன் பாய் கடையில் செங்கதிர் காமிக்ஸின் புது இதழ் வந்திருக்கிறது. தீபாவளிக்குப் பழைய சாகச வீரர் கதைகளைத் தொகுத்து, கெட்டி அட்டை போட்டு, குண்டாக ஒரு புத்தகம் போடப்போகிறார்களாம். செங்கதிரிலேயே அந்தக் காலத்தில் வந்த வஜ்ரமுகன் கதைகளா, அல்லது தேனீ காமிக்ஸில் வந்த நாமமில்லா நாயகன் கதைகளா? (தேனீயை இப்போது செங்கதிர்க்காரர்களே வாங்கிவிட்டார்கள்.) காகிதம் விற்கிற விலையில் ஒன்றுதான் முடியும், எது வேண்டும் என்று வாசகர்களே தபால் கார்டில் எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். எந்தப் பக்கம் கார்டு அதிகமோ, அந்தத் தொகுப்பு வரும்.

உங்கள் ஓட்டு எனக்கு வேண்டும். கல்யாணப் பரிசாக நினைத்துக்கொண்டு ஒரு கார்டு போடுங்கள். கேட்டதற்காகவாவது செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள்,
ரீபா

*

துர்க், மத்தியப் பிரதேசம்,
23-8-1995

அன்புள்ள ரீபா,

சாப்பாடு: நானே சமைக்கிறேன், நானே திட்டுகிறேன், நானே சாப்பிடுகிறேன். இந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

ஓட்டுக் கேட்டாய். அந்தப் பேச்சே வேண்டாம். வஜ்ரமுகன் யார்? வைரத்தில் வார்த்த முகமூடி. துப்பாக்கியால் சுட்டால் நசுங்குவது குண்டுதான். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத ரயிலைத் தோள் கொடுத்து நிறுத்தியவன். உன் ஆளைப் பார். முகமூடி இல்லை, கவசம் இல்லை. இடது கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. தன் பேரே தெரியாது. வாய்க்காலைக் கண்டால் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறான். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணுக்கு இப்படி ஒருத்தனா பிடித்துப்போக வேண்டும்? நாமமில்லா நாயகனாம்! நம்பி வாங்கினவர்களுக்கெல்லாம் நாமம் போட்ட நாயகன்.

அது கிடக்கட்டும். நம் விஷயம் ஒன்று பேச்சிலேயே நிற்கிறது. நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வருவதா, நான் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்பதா? நான் இப்போது மாற்றல் கேட்டால் அடுத்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு போயே போச்சு. எங்கள் பேங்கில் அப்படித்தான். நீயும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாய், நானும் கேட்கத் தயங்குகிறேன். இப்படியே போனால் நமக்குக் கிழடு தட்டிவிடும்.

எனவே ஒரு பந்தயம். தீபாவளிக்கு வஜ்ரமுகன் தொகுப்பு வந்தால் நீ வேலையை விட்டுவிட்டு துர்குக்கு வா. உன் நாயகன் வந்தால் நான் பதவி உயர்வை மறந்துவிட்டு மாற்றல் மனு கொடுக்கிறேன். தைரியம் உண்டா டீச்சருக்கு?

கிங்ஸ்லி

*

பாளையங்கோட்டை,
31-8-1995

அத்தானுக்கு,

('அன்புள்ள' கோபம் தணிந்த பிறகு போடப்படும்.)

என் வேலை பந்தயத்துக்கு வைக்கிற பொருளா? இந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலையை எனக்கு யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. லீவு எடுத்தவர்களுக்குப் பதிலாளாக நாயாய் அலைந்து, போன வருஷம்தான் நிரந்தரம் ஆனது. பத்தாம் வகுப்பில் கணக்கென்றால் அழுகிற பிள்ளைகள் என் வகுப்பில் சிரிக்கிறார்கள். அதை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்? நீங்கள் இல்லாமல் எப்படி இருப்பேன் என்றும் தெரியவில்லை. அதனால்தான் வாய் திறக்கவில்லை. போதுமா?

ஆனால் 'தைரியம் உண்டா' என்று கேட்டுவிட்டீர்கள். சரி, வைத்தேன் பந்தயம்.

இப்போது என் நாயகனைப் பற்றி. படகு கவிழ்ந்து ஒரு சின்னப் பெண் ஆற்றில் தத்தளிக்கிறாள். இவன் கரையில் நின்று நடுங்குகிறான். பல் கிடுகிடுக்கிறது. அப்புறம் ஒரு காலை வைக்கிறான், இன்னொரு காலை வைக்கிறான், கழுத்தளவு தண்ணீருக்குள் போய் அந்தப் பிள்ளையைத் தூக்கி வருகிறான். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! உங்கள் வஜ்ரமுகனுக்குத்தான் பயமே கிடையாதே. பயமில்லாதவன் தண்ணீரில் குதிப்பதில் என்ன பெரிய அதிசயம்?

ஆனால் அவனுக்கு ஏன் தண்ணீரென்றால் அவ்வளவு பயம் என்று தேனீக்காரர்கள் கடைசிவரை சொல்லவில்லை. முதல் இதழிலேயே பெயர் ஊர் மறந்து, நனைந்துபோய், ஒரு ஆற்றங்கரையில் கண் விழிக்கிறான். அதற்கு முன்னால் அவனுக்கு என்ன நடந்தது? சின்ன வயதில் நானாக என்னென்னவோ காரணம் கட்டிப் பார்ப்பேன். ஒன்றும் சரியாக வராது.

இனி ஓட்டு நிலவரம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் எனக்குக் கார்டு போட்டாகிவிட்டது. அத்தையும் ஒரு கார்டு கேட்டார்கள்.

"ஏட்டி ரீபா, எவன் ஜெயிச்சா எம்புள்ள ஊருக்கு வருவான்?"

"நாமமில்லா நாயகன், அத்தை."

"அப்பம் அவனுக்கே போடு. அவன் களவாணிப் பயலா இருந்தாலும் சரி."

கொட்டை எழுத்தில் 'சாரம்மாள்' என்று கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தார்கள்.

ரீபா

*

துர்க்,
12-9-1995

அன்புள்ள ரீபா,

பத்து மாதம் சுமந்து பெற்றவளே எனக்கு எதிராக ஓட்டுப் போட்டால் நான் யாரிடம் முறையிடுவது?

இங்கே என் பக்கம் ஆள் சேர்ப்பது பெரும்பாடு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடி பிலாய் வரைக்கும் சைக்கிளில் போனேன். இரும்பாலையில் வேலை பார்க்கும் கிருபைராஜ் அண்ணன், நம் நாசரேத்துக்காரர், கார்டில் கையெழுத்துப் போடுமுன் என்னை மீன் குழம்பு வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தம்பி, நீ இந்தப் பந்தயத்துல தோத்துரு. அதுதான் ஒனக்கு நல்லது" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

நான் ஏன் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பந்தயம் பிறகு வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு காரணம் உண்டு.

நான் கடைசியாக வாசித்த வஜ்ரமுகன் கதை 'அணைக்கட்டில் ஓர் அபாயம்'. அப்போது எனக்குப் பதினோரு வயது. கடைசிப் பக்கத்தில் அவனுக்கு ஒன்று நடக்கிறது. என்ன என்று எழுத மாட்டேன், எனக்குப் பிடிக்காத பக்கம் அது. கீழே 'முடிவு அடுத்த இதழில்' என்று இருந்தது. அடுத்த இதழில் வேறு யாரோ துப்பறியும் ஆள் வந்தான். அதற்கடுத்த இதழிலும் அவனே. வஜ்ரமுகன் வரவே இல்லை. செத்தானா, பிழைத்தானா? சொல்வார் யாருமில்லை. சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கும்போது நான் அவன் பேரையும் சேர்த்துக்கொள்வேன். சிரிக்காதே. பதினேழு வருஷமாக அந்த முடிவு எனக்குத் தெரியாது. தொகுப்பு வந்தால் அதில் இருக்கும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு ரொம்பப் பெரியதாக இருக்கிறது. இத்தனைக்கும் ஒரே அறைதான்.

உன்,
கிங்ஸ்லி

*

பாளையங்கோட்டை,
4-10-1995

அன்புள்ள அத்தானுக்கு,

முடிவு வந்துவிட்டது. இந்த மாத இதழில் போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு வஜ்ரமுகன் தொகுப்பு. வாழ்த்துகள்.

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். அதைக் கொடுக்கப் போனால் எங்கள் தலைமையாசிரியை ஹெப்சிபா டீச்சர் கையிலேயே வாங்கவில்லை. "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பரீட்சை வாரதுக்குள்ள பிள்ளைகள நட்டாத்துல விட்டுட்டுப் போவியா? மார்ச்சு முடியட்டும், அப்புறம் கொண்டா" என்று ஏசினார்கள். அதனால் அது என் கைப்பையில் இருக்கிறது. மார்ச் முடிந்ததும் கொடுத்துவிட்டு வருகிறேன். பந்தயம் என்றால் பந்தயம்தான்.

அத்தை என்னிடம் பேசவில்லை. உங்கள்மேல்தான் கோபம், ஆனால் கைக்கெட்டுகிற தூரத்தில் நான்தானே இருக்கிறேன்.

ரீபா

*

துர்க்,
12-10-1995

அன்புள்ள ரீபா,

ஜெயித்தவன் எழுதுகிறேன். ஜெயித்த மாதிரியே இல்லை.

உன் கடிதத்தை பேங்கில் வைத்துத்தான் பிரித்தேன். 'வாழ்த்துகள்' என்ற ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். வரிசையில் நின்ற மனுஷன் "ஓ பாபுஜி!" என்று கண்ணாடியைத் தட்டினார். நீ ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பையில் இருப்பது பையிலேயே இருக்கட்டும். பந்தயத்தை மறந்துவிடு என்று சொன்னால் நீ மறக்க மாட்டாய், உன் ரோஷம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதனால் நான் வேறு வழி பார்த்திருக்கிறேன். என்ன வழி என்று கேட்காதே. பலித்தால் சொல்கிறேன்.

தொகுப்பு வந்ததும் ஒன்று வாங்கி அனுப்பு. நீ முதலில் வாசித்தாலும் பரவாயில்லை. முடிவை மட்டும் எழுதிவிடாதே.

உன்,
கிங்ஸ்லி

*

பாளையங்கோட்டை,
26-10-1995

என் அன்புள்ள அத்தானுக்கு,

முடிவை எழுதாதே என்றீர்கள். எழுதத்தான் போகிறேன். கையைக் கட்டிப்போட்டாலும் காலால் எழுதுவேன்!

தொகுப்பு நேற்றுதான் கைக்கு வந்தது. காஜா பாய் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார். கொடுக்கும்போதே, "டீச்சரம்மா, வாசிச்சிட்டு என்னைய ஏசக்கூடாது. காலையில இருந்து வாரவன் எல்லாம் என்னையத்தான் ஏசுதான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

என்னைத் தோற்கடித்தவன் யார் என்று பார்த்துவிடுவோம் என்றுதான் வாசிக்க உட்கார்ந்தேன். என்னதான் சொன்னாலும், நன்றாகத்தான் இருக்கிறான். ரயிலை நிறுத்துகிற கதையில் நான் விசில் அடிக்காத குறை. கடைசிக் கதை 'அணைக்கட்டில் ஓர் அபாயம்'. வெள்ளத்தில் மதகு உடையப் பார்க்கிறது. இவன் தோளைக் கொடுத்துத் தாங்குகிறான். மேலே இருந்து வில்லன் பாவி ஒரு பாறையை உருட்டிவிடுகிறான். முகமூடி உடைகிறது. அவன் அணையிலிருந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் விழுகிறான். கீழே 'முடிவு அடுத்த இதழில்'. ஆமாம் அத்தான், தொகுப்பிலும் அதோடு சரி! செங்கதிர்க்காரர்களிடம் இருந்ததே அவ்வளவுதானாம். ஊரெல்லாம் காஜா பாயை ஏசுவது அதற்குத்தான்.

எனக்கும் ஏச வாய் வந்தது. அப்போதுதான் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். முகமூடி உடைந்த இடத்தில், இடது கண்ணுக்குக் கீழே, குறுக்காக ஒரு காயம்.

அத்தான், எனக்கு அந்தக் காயம் தெரியும். அது ஆறிய பிறகு எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

நான் போட்ட சத்தத்தில் அத்தை கரண்டியோடு ஓடி வந்தார்கள். நான் நேரே என் அம்மா வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து என் டிரங்குப் பெட்டியை இழுத்து, நாமமில்லா நாயகனின் முதல் இதழை எடுத்தேன். தொகுப்பின் கடைசிப் பக்கத்தையும் அதன் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தோளில் அதே கிழிசல். இடுப்பில் அதே வார். கையில் அதே கயிற்றுத் துண்டு. படம் போட்டவரும் ஒருவரேதான், தண்ணீரைச் சுருள் சுருளாகப் போட்டிருக்கிறார். ஒரே வெளிநாட்டுத் தொடரைத்தான் இரண்டு பேரும் தமிழில் போட்டிருக்கிறார்கள். செங்கதிர்க்காரர்கள் முகமூடியைப் பார்த்து வஜ்ரமுகன் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் விட்ட கதையைத் தேனீக்காரர்கள் வாங்கியபோது முகமூடியும் போய்விட்டது, பேரும் அவனுக்கே மறந்துவிட்டது. அவர்கள் நாமமில்லா நாயகன் என்று வைத்துவிட்டார்கள். ஒருத்தர் போட்டதை மற்றவர் வாசித்துப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது!

அவன் சாகவில்லை, அத்தான். பதினேழு வருஷமாக எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறான்.

அவனுக்கு ஏன் தண்ணீரென்றால் பயம் என்று எனக்கும் இப்போதுதான் தெரிந்தது. பாவம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்திருக்கிறான்! நடுங்குகிறவன் என்று நீங்கள் சிரித்தது நீங்கள் ஜெபித்த அதே ஆளைப் பார்த்துத்தான். பயமில்லாதவன் என்று நான் முகம் சுளித்ததும் என் ஆளைப் பார்த்துத்தான். கல்யாணத்தன்றே ஆளுக்கொரு கதையை உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை கார்டும் மிச்சம்.

அத்தையிடம் விளக்கினேன். நன்றாக யோசித்துவிட்டு, "அப்பம் எம் ஓட்டும் ஜெயிச்சிட்டுல்லா? எம்புள்ளைய வரச் சொல்லு" என்றார்கள். பந்தயத்தில் யார் ஜெயித்தது, யார் தோற்றது? கணக்கு டீச்சரான எனக்கே விடை வரவில்லை.

தொகுப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என் பெட்டியில் இருப்பதை அனுப்ப மாட்டேன். மீதிக் கதை வேண்டுமென்றால் வந்து வாசியுங்கள்.

உங்கள்,
ரீபா

*

(தபால் கார்டு)

பாளை, 13-11-1995

அத்தானுக்கு, பதில் இல்லை. புத்தகம் வந்ததா? கோபத்தைக் கார்டில் எழுதினால் தபால்காரர் வாசிப்பார், அதனால் எழுதவில்லை. பக்கத்தில் இருந்து அத்தை எழுதச் சொல்வது: "ஏலே கிங்ஸ்லி, ஒழுங்கா ரெண்டு வரி போடு. இங்கன ஒருத்தி சரியாத் திங்க மாட்டேங்கா." அது பொய். நன்றாகச் சாப்பிடுகிறேன். - ரீபா

*

துர்க்,
20-11-1995

என் ரீபாவுக்கு,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், ஒரு காகிதம் வருவதற்காகக் காத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேறொன்று.

பாபநாசத்தில் எனக்கு ஜலதோஷம் இல்லை.

அந்தக் கடைசிப் பக்கத்தை நான் வாசித்த மறுநாள், அப்பா என்னை நீச்சல் பழக்க ஆற்றுக்குக் கூட்டிப் போனார். வஜ்ரமுகனையே விழுங்கின தண்ணீர் என்னை விட்டுவைக்குமா? படித்துறையில் உட்கார்ந்தவன்தான். "எறங்குலே, ஏலே எறங்கு" என்று அப்பா கத்தக் கத்த நான் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு ஜலதோஷம், ஒரு காய்ச்சல், ஒரு கால் சுளுக்கு. உன் தம்பி சொல்வது சரி. என் துண்டு இதுவரை ஆற்றில் நனைந்ததே இல்லை.

உன் ஆளைப் பார்த்து நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று இப்போது தெரிகிறதா? என்னைப் போல் ஒருத்தனைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கூச்சம். அவனைத்தான் உனக்குப் பிடிக்கும் என்று நீ எழுதிய அன்றைக்கு, கரையில் நின்று பல் கிடுகிடுக்கிறவனைத்தான் பிடிக்கும் என்று எழுதிய அன்றைக்கு, நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தொகுப்பு வந்தது. கிருபைராஜ் அண்ணனையும் கூட்டி வைத்துக்கொண்டு உன் கடிதத்தோடு சேர்த்து வாசித்தேன். "பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறான்" என்ற இடத்தில் அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார். நான் அழுதேன். மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இனி அந்தக் காகிதம். நீ தோற்றுவிட்டதாக எழுதிய கடிதம் கிடைத்த மறுநாளே நான் மாற்றல் மனு கொடுத்துவிட்டேன். ஜெயித்தவன் எதற்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று நீ சண்டைக்கு வருவாய், அதனால் சொல்லவில்லை. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "பதவி உயர்வைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது போவானா? என்ன காரணம்?" என்றார். "என் மனைவிக்கு அங்கே வேலை இருக்கிறது சார்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன். உன் கைப்பையில் இருக்கும் ராஜினாமாவைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

ஆர்டர் இன்று வந்தது. ஏரல் கிளை, நம் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். ஜனவரியில் சேர வேண்டும். கட்டடம் ஆற்றங்கரையில்தானாம், ஜன்னலைத் திறந்தால் தாமிரபரணி தெரியுமாம். ஆண்டவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றே நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன். பெட்டியை அதற்குள் நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு. மீதிக் கதையை நீதான் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவன் கழுத்தளவு தண்ணீருக்குள் போகிறானே, அந்தப் பக்கத்தை மட்டும் வீட்டில் வாசிக்க வேண்டாம். அதைப் பாபநாசத்துக்கு எடுத்துக்கொண்டு போவோம். நீ முதலில் இறங்கி நின்று என் கையைப் பிடித்துக்கொள். நான் நடுங்குவேன், சிரிக்காதே. ஒரு காலை வைப்பேன், அப்புறம் இன்னொரு காலை வைப்பேன்.

உன் தம்பியையும் வரச் சொல். இந்தத் தடவை துண்டு நனையும்.

உன்,
கிங்ஸ்லி